அவசரக் கேள்வி

எங்கள் வாட்ஸப் குழுவை நினைத்தாலே இப்போது குமட்டுகிறது. மும்பை தாராவியில் ஒன்றாகத் தமிழ் மீடியம் படித்தவர்கள் நாங்கள். இன்று ஒருவன் கல்யாணில், ஒருவன் செம்பூரில், ஒருத்தி தேவ்நாரில், நான் மாட்டுங்காவில். காலையில் ரயிலில் தொங்கிக்கொண்டே குழுவில் எழுத்துகளைக் கலைத்துப் போட்டுச் சொல் கண்டுபிடிப்போம். பொது அறிவுக் கேள்வி கேட்போம். "அவசரம்" என்று தொடங்கினால் அது அவசரக் கேள்வி. முதலில் விடை சொல்பவருக்குக் கோப்பைப் படம் போடுவோம். கூகுளைப் பார்த்து ஒட்டுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். இருந்தும் அந்தப் பொம்மைக் கோப்பைக்கு என்ன அடிபிடி!

அதிகக் கோப்பை வாங்கியவன் செம்பூர்க்காரன். ஒருமுறை ரத்த வகை பற்றிக் கேள்வி வந்தபோது, "நான் ஓ நெகட்டிவ்லா! அபூர்வப் பிறவி. எல்லாரும் கும்புட்டுக்கோங்க" என்று பீற்றிக்கொண்டான். நாங்களும் சிரித்துக்கொண்டே கும்பிட்டோம்.

போன மாதம் ஒரு காலை, தேவ்நார்க்காரி எழுதினாள்: "அவசரம். ஓ நெகட்டிவ் ரத்தம் யாருகிட்ட இருக்கு?"

செம்பூர்க்காரனை மனதில் வைத்துத்தான் கேட்டிருப்பாள். அவன் கண் மூடித் திறப்பதற்குள் பதில் போட்டான்: "ஓ நெகட்டிவ எல்லாருக்கும் குடுக்கலாம். ஆனா ஓ நெகட்டிவ்காரங்க ஓ நெகட்டிவ் மட்டுந்தான் வாங்க முடியும்!" கோப்பை விழுந்தது. கைதட்டலும் விழுந்தது.

"கேள்வி இல்லப்பா இது. எங்க வீட்டுக்காரர லாரி இடிச்சிட்டு. செம்பூர் ஆஸ்பத்திரில கெடக்காரு. ஆபரேஷனுக்கு ரத்தம் இல்லைங்காங்க. யாராவது வாங்கப்பா."

முதலில் கேள்வி என்று நினைத்துவிட்டார்கள், போகட்டும். அடுத்து வந்ததுதான் எனக்கு அருவருப்பு. வரிசையாகக் கும்பிடு படங்கள். "ஏசப்பா பாத்துக்குவாரு." "தைரியமா இரு." அதற்குக் கீழேயே கல்யாண்காரன் அன்றைய சொல் புதிரைப் போட்டான். அதற்கும் விடை வந்தது! தூ! மனுஷ ஜென்மங்களா இவர்கள்?

என் ரத்தம் வேறு வகை, உதவாது. செம்பூர்க்காரனுக்குப் போன் போட்டேன்.

"ஏல, ஆஸ்பத்திரி ஒன் வீட்டுக்கு நடக்குற தூரம்லா? போயேம்ல."

"அரே தோஸ்த், ஆபீஸ்ல மீட்டிங். பெறவு, எனக்கு ஊசின்னாலே ஆவாது. ப்ளட் பேங்க்ல கெடைக்கும், டென்ஷன் ஆவாத."

"அந்த மனுசன் செத்துட்டா?"

"காலங்காத்தால அபசகுனமாப் பேசாதல" என்று வைத்துவிட்டான்.

கிங்ஸ் சர்க்கிளில் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், அவளோடு ரத்த வங்கி ரத்த வங்கியாக அலைந்தேன். "அவன் வாரானா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சாயங்காலம்தான் முகம் தெரியாத ஒரு கல்லூரிப் பெண் வந்து ரத்தம் கொடுத்தாள். உயிர் தங்கியது. வலது காலை எடுத்துவிட்டார்கள். முன்னாலேயே ரத்தம் கிடைத்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

அவள் யாரையும் ஒரு வார்த்தை ஏசவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. மறுநாள் ரயில் நேரத்தில் குழுவில் எழுதினேன்: "அவசரம். நம்ம குழுவுல ஓ நெகட்டிவ் யாரு?"

எல்லாரும் படித்துவிட்டதாக நீலக் குறி காட்டியது. ஒருவரும் விடை எழுதவில்லை.