களிக்கு முன்னால் ஒரு ஊசி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து அந்தத் தாள் வந்த அன்று அது அங்கேயும் நிற்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை எருமப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப் போகிறார்களாம். அங்கே நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய கிராமம் ஒன்றை அப்படியே அமைத்து வைத்திருக்கிறார்களாம். பிள்ளைகள் ஒரு பகல் முழுக்க அந்தக் காலத்து ஆட்களாக இருக்க வேண்டும். அந்தக் காலத்து உடுப்பு, அந்தக் காலத்துச் சாப்பாடு. பிளாஸ்டிக் ஆகாது, கடிகாரம் ஆகாது, அப்போது இல்லாத எதுவுமே ஆகாது.

என் மகளுக்குச் சர்க்கரை. எட்டு வயதில் வந்தது. ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். இந்த லட்சணத்தில் இளம்பிள்ளையிலிருந்து இரண்டரை மணி நேரம் தள்ளிப் போய், நான் பக்கத்தில் இல்லாமல், களியும் கூழும் தின்பாளா? போக வேண்டாம் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நானும் நாலு கத்துக் கத்தித் தீர்த்திருப்பேன். களி தின்றால் எவ்வளவு ஏறுகிறது என்று நாமே வீட்டில் பார்த்துவிடலாம் என்றாள்.

அடுத்த மூன்று ஞாயிறும் மதியம் எங்கள் வீட்டில் ராகிக் களிதான். கறிக்குழம்பு எங்கே என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். மகள் ஒரு பார்வை பார்த்ததும் குனிந்து தின்றார். தின்பதற்கு முன்னால் ஒரு தடவை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை, விரலைக் குத்திப் பார்த்து நோட்டில் எழுதுவாள். அந்த நோட்டை டாக்டரிடம் கொண்டுபோனோம். எத்தனை கரண்டிக் களிக்கு எவ்வளவு மருந்து என்று அவர் அவளிடமே சொன்னார், என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவளும் பெரிய மனுஷி மாதிரி ரெண்டு கேள்வி திருப்பிக் கேட்டாள். பெற்ற எனக்கே மலைப்பாக இருந்தது. சரி, போய்த் தொலை என்றேன்.

இன்னொரு சங்கதி இருக்கிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லாமலும் முடியாது. அவளுக்குச் சர்க்கரை என்பது டாக்டரை விட்டால் எனக்கும் வீட்டுக்காரருக்கும் வகுப்பு டீச்சருக்கும் மட்டும்தான் தெரியும். எங்கள் ஆட்கள் எல்லோரும் சேலைத் தொழில். எங்கள் தெருவில் தும்மினால் அடுத்த தெருவில் கேட்கும், அத்தனை தறிச் சத்தத்திலும். பொட்டைப் பிள்ளை, நாளைக்கு ஒரு இடம் வந்தால் இந்தப் பேச்சும் கூடவே வரும் என்று பயம். அதனால் விசேஷ வீடுகளில் பந்திக்கு முன்னால் அவளைக் காருக்குள் கூட்டிப்போய் ஊசி போடுவேன். யாராவது கேட்டால் வயிறு சரியில்லை என்பேன். பிள்ளையும் இரண்டு வருஷமாக மூச்சு விட்டதில்லை.

அவளுக்கு நெசவாளி மகள் வேஷம். நான் ஜரிகை போட்ட பட்டுப் பாவாடையை எடுத்து வைத்தேன். நம்ம பிள்ளை நாலு பேர் நடுவில் சாதா துணியில் நிற்பதா? பட்டு நெய்தவர்கள் வீட்டில் பட்டுக் கட்டிக்கொண்டா வேலை செய்தார்கள் என்று கேட்டு, அவளே பருத்திக்கு மாற்றினாள். அந்தப் பாவாடையின் இடுப்புக்குள் ஒரு பை தைத்தேன். பேனா மாதிரி இருக்கும் இன்சுலின் ஊசியும் சர்க்கரை பார்க்கும் மிஷினும் உள்ளே இருப்பது வெளியே தெரியக் கூடாது. மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். சர்க்கரை இறங்கினால் வாயில் போட குளுக்கோஸ் பாக்கெட் கொடுத்தேன். பாக்கெட் அந்தக் காலத்தில் ஏது என்று, வெல்லக் கட்டியைத் துணியில் முடிந்துகொண்டாள். நான் விடுவேனா, பாக்கெட்டையும் திணித்து அனுப்பினேன். சாப்பிடக் கூப்பிட்டதும் கக்கூஸுக்குப் போகிற மாதிரிப் போய், ஒருத்தர் கண்ணிலும் படாமல் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று ஒரு வாரம் பழக்கினேன். நூறு எண்ணுவதற்குள் முடித்துவிடுவாள்.

பஸ் காலை ஆறு மணிக்குப் போனது. அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சேலை வாங்க வீடியோ காலில் வந்த ஒரு அம்மாவுக்கு ஒரே சேலையை ரெண்டு தடவை விரித்துக் காட்டினேன். ஒரு மணிக்கு மேல் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் டீச்சர் ஒரு வீடியோ போட்டார்.

பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், முன்னால் இலையில் களி. தலைப்பாகை கட்டிய ஒருவர் ஒவ்வொருவரிடமும் நீ யார், என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டுக்கொண்டு வந்தார். குயவர் மகன், ஆடு மேய்க்கிறவர் மகள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். என் மகள் முறை வந்தது. அவள் இடுப்புப் பைக்குள் கையை விட்டு, எல்லாவற்றையும் எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நான் நெசவாளி மகளுங்க. ஆனா நெசமா அந்தக் காலத்துல பொறந்திருந்தா, இந்நேரம் செத்துப் போயிருப்பேனுங்க. எனக்குச் சுகர். இந்த ஊசி அப்ப இல்லீங்க. அதனால இதை மட்டும் கொண்டாந்துட்டேனுங்க."

சொல்லிவிட்டு விரலைக் குத்தினாள், மிஷினில் எவ்வளவு என்று பார்த்தாள், பேனாவைத் திருகி அளவு வைத்தாள், ரவிக்கையை லேசாகத் தூக்கி வயிற்றில் போட்டாள். பக்கத்துப் பிள்ளை வலிக்குமா என்று கேட்டது. எறும்பு கடிக்கிற மாதிரிதான் என்று சொல்லிவிட்டுக் களியைப் பிட்டாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இரண்டு வருஷமாகக் கட்டிக் காத்ததை இரண்டு நிமிஷத்தில் போட்டு உடைத்துவிட்டாளே என்று பதறி, வீடியோவை எடுத்துவிடச் சொல்ல டீச்சர் நம்பரைத் தேடினேன். தேடும்போதே அந்த வீடியோ மறுபடி ஓடியது. செத்துப் போயிருப்பேன் என்பதை அவள் பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். இதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. தானாகவே தெரிந்துகொண்டு, எத்தனை நாளாக மனசில் வைத்திருந்தாளோ. பத்து வயசில் அதைச் சுமந்துகொண்டு சிரித்துப் பேசி விளையாடியிருக்கிறாள். நானோ ஒரு பேனாவை மறைக்க மூன்று தடவை தையல் பிரித்தேன். எனக்கு இருக்கிற தைரியம் அவள் சுண்டுவிரல் அளவுக்குக் கூடக் காணாது. சேலைக் கட்டுகள் மேலேயே உட்கார்ந்து அழுதேன்.

போன் அடித்தது. என் வீட்டுக்காரரின் அக்கா. நங்கையா என்று கூப்பிடுவேன். அவர் பையனும் அதே வகுப்பு, அதனால் அவரும் அந்தக் குழுவில் இருந்தார். ஊரில் எங்கள் வீட்டுச் செய்தி யாருக்குத் தெரியக் கூடாது என்று நினைப்பேனோ, அந்த வரிசையில் முதல் ஆள்.

"பாப்பா என்னமோ சுகருங்குது, ஊசியெல்லாம் போடுது. அது நாடகத்துக்குத்தானே?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"நாடகம் இல்லீங்க நங்கையா. சுகர்தானுங்க. ரெண்டு வருசமாச்சு. ஊசி அவளே போட்டுக்குவா. நான்தான் பயந்துக்கிட்டு மறைச்சு வெச்சிருந்தேன்."