டைனமோவில் எரிந்த இரண்டு விளக்குகள்

எங்கள் பாடசாலை அதிபர் ஒரு தொண்டர் ஆசிரியையைக் கள்ளியாக்கினார். அதற்குத் துணை போனவன் நான்.

போர்க்காலம்; வன்னிக்குள் பற்றரி வர இராணுவம் விடாத காலம். ஆய்வுகூடத்தில் இருந்த இரண்டு டோர்ச் பற்றரிகள் காணாமல் போயின. சாவி அந்த ஆசிரியையிடம்தான் இருந்ததால், அவர்தான் எடுத்தவர் என்று அதிபர் சொல்லித் திரிந்தார். அந்தக் கிழமையே கண்காட்சி. அதில் ஆசிரியை சைக்கிள் டைனமோவைக் கையால் சுழற்றி, சிவப்பும் பச்சையுமாக இரண்டு எல்.ஈ.டி. விளக்குகளை எரித்துக் காட்டினார். விளக்குகளும் அவற்றின் இரண்டு சுவிட்சுகளும் ஒரு சின்னப் பெட்டியின் மேல் ஒரே வயரில் வரிசையாக இருந்தன. ஒரு சுவிட்சை நிறுத்தினால் இரண்டுமே அணைய வேண்டும். ஆனால் சிவப்பு மட்டும் அணைந்தது.

ரேடியோ திருத்துகிறவன் என்று என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள்.

"இது நடக்காது. பெட்டிக்குள்ள பற்றரி ஒளிச்சிருக்கு," என்றேன்.

"உடைச்சுப் பாரும்," என்றார் அதிபர்.

பெற்றோர் பார்த்திருக்க உடைத்தேன். பற்றரி இல்லை. நெல்மணி அளவில் நாலு டயோட்கள் இருந்தன.

"டைனமோ கரண்ட் ரெண்டு பக்கமும் மாறி மாறி ஓடும், அண்ணை. டயோட் ஒரு பக்கம்தான் விடும். ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு பக்கமாப் பிரிச்சு விட்டனான். ரேடியோக்காரருக்கு இது தெரியாதோ?" என்றார் ஆசிரியை.

தெரியும். கள்ளி என்று முடிவெடுத்த பிறகு நான் டைனமோவைப் பார்க்கவேயில்லை.

மறுநாளிலிருந்து அவர் பாடசாலைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"என்னட்டைச் சொல்லி என்ன, அண்ணை? பாத்துக்கொண்டு நிண்ட சனத்துக்குச் சொல்லுங்கோ."

அதனால்தான் எழுதுகிறேன். பெட்டிக்குள் பற்றரி இருக்கவில்லை; அவரைக் கள்ளி என்றதற்கு ஓர் ஆதாரமும் இல்லை. பிழை என்னுடையது. அதிபர் அவர்களே, அதே பெற்றோர் முன்னால் உங்கள் பிழையை எப்போது சொல்லப் போகிறீர்கள்?