முட்டைத் தட்டில் முப்பத்தெட்டு மில்லிகிராம்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றத்தைப் பற்றி யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். அங்கே பிறந்த மூக்குக்கு அதுதான் காற்று. அப்பேர்ப்பட்ட ஊருக்குப் போகும் பஸ்ஸில், ஒரு பெண் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போகிறார் என்றால் அவள் எப்சியாகத்தான் இருக்க வேண்டும்.

எப்சி வேலூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. தொண்ணூற்றேழில் பகுதிநேர ஆராய்ச்சியில் சேர்ந்தாள். பார்ஃபிரின் என்கிற ஊதாச் சாயம் அவள் பாடு. அதைச் செய்ய ஏதோ அமிலத்தில் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். கெட்டுப்போன வெண்ணெய் வாடை அடிக்கும் அந்த அமிலம் புடவையோடு வீடுவரை வந்துவிடும். கணவன் அன்பரசன் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. இருபது வருஷமாகத் தோல் ஷாப்பில் சாயப் பிரிவு சூப்பர்வைசராக இருப்பவன், வாடையைப் பற்றி எந்த வாயால் பேசுவான்?

அன்பரசனுக்குச் சாயம் என்றால் ஒரே பரீட்சைதான். கம்பெனி ஆட்கள் கோட்டு சூட்டோடு வந்து எவ்வளவு அளந்தாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தோல் துண்டில் பூசுவான். பாதியைக் கறுப்புத் தாளால் இறுக்கி மூடி, மொட்டைமாடி வெயிலில் வைப்பான். சாயங்காலம் தாளைப் பிரித்து, மூடிய பாதியையும் வெந்த பாதியையும் ஒப்பிட்டுத் தன் நோட்டில் மார்க் போடுவான். அவன் முட்டை போட்ட சாயத்தை அந்த ஷாப் முதலாளியே வாங்க மாட்டார். இந்த அதிகாரம் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறியிருந்தது என்றே சொல்ல வேண்டும்.

மனைவியின் சாயம் மட்டும் அவன் மண்டையில் ஏறவேயில்லை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவளே விளக்கினாள்.

"நடுவுல இந்த ஊதாச் சாயம். அதைச் சுத்திக் கிளை, கிளை மேல கிளை. மரம் மாதிரி இருக்கறதால டென்ட்ரிமர்னு பேரு. வெளிச்சம் பட்டா நடுவுல இருக்கறது ஒரு எலக்ட்ரான விட்டுடும். கிளை நுனியில இருக்கறது புடிச்சிக்கும்."

"அப்புறம்?"

"திரும்பி வந்துடும்."

"வந்துடுமா? அப்போ இன்னாத்துக்கு இந்தப் பாடு?"

"லேட்டா வந்தா, அந்த நேரத்துல அதை வச்சி வேலை வாங்கலாங்க. கிளை ஜாஸ்தியானா எவ்ளோ லேட்டாகுதுன்னுதான் பாக்கறேன்."

"எவ்ளோ லேட்டாவும்?"

"ஒரு செகண்ட பத்து லட்சமா பிரிச்சா, அதுல ஒண்ணு ரெண்டு."

அன்பரசன் ரசத்தை ஊற்றிக்கொண்டான். "நான் அரை மணி லேட்டா வந்தா மட்டும் அத்தனை கேள்வி கேக்கறே."

இப்படியே ஆறு வருஷம் ஓடியது. பல்கலைக்கழகம் இரண்டு முறை கெடு நீட்டிவிட்டு, இரண்டாயிரத்து மூன்று ஜூன் முப்பதோடு கதவைச் சாத்திவிடுவதாக எழுதியது. பாக்கி இருந்தது ஒரே ஒரு அளவு. அதற்கான லேசர் சென்னையில் இருந்தது. ஏழு மாதம் கெஞ்சியதில் ஜூன் ஒன்பது, திங்கட்கிழமை என்று ஒரு நாள் கிடைத்தது. கடைசி வரிசைக் கிளைகளை ஒட்டவைக்க எப்சிக்கு இரண்டு வருஷம் பிடித்திருந்தது. கையில் தேறியது முப்பத்தெட்டு மில்லிகிராம் பொடி. அதைச் சின்ன பாட்டிலில் போட்டு, வெளிச்சம் படாமல் அலுமினியத் தாளில் சுற்றி, வீட்டு ஃபிரிஜ்ஜில் முட்டைத் தட்டில் வைத்திருந்தாள். விடியற்காலை ரயிலைப் பிடிக்க அதுதான் வசதி.

அந்த வெள்ளிக்கிழமை ஷாப் மேனேஜர் ஜியாவுதீன் பாய், டீ குடிக்கிற இடத்தில் நாலு பேர் முன்னால் கேட்டார்.

"இன்னா அன்பு, உன் வீட்ல ஆறு வருஷமா சாயம் பண்றாங்களே, இன்னா கலரு அது? நீ கண்ணால பாத்தியா?"

பார்க்கவில்லை. சாயப் பிரிவு சூப்பர்வைசர் பெண்டாட்டியின் சாயத்தைப் பார்த்ததில்லை என்றால் சிரிக்க மாட்டார்களா? சிரித்தார்கள். அன்பரசனுக்கு மானமே போய்விட்டது.

சனிக்கிழமை காலை, அட்மிஷன் வேலைக்காக எப்சி கல்லூரிக்குப் போனதும் ஃபிரிஜ்ஜைத் திறந்தான். அவன் தொழிலில் சின்ன பாட்டிலில் வருவதெல்லாம் சாம்பிள். சரக்கு பீப்பாயில் ஸ்டோரில் இருக்கும். எப்சியின் சரக்கும் கல்லூரியில் பீப்பாயில் இருக்கிறது என்று நம்பினான். பாட்டிலைத் தட்டிப் பார்த்தால் ஒரு சிட்டிகைகூடத் தேறவில்லை. இவ்வளவு கஞ்சத்தனமா என்று அலுத்துக்கொண்டு, ஷாப்புக்குக் கொண்டுபோய் முழுவதையும் கொட்டினான். தண்ணீரில் கரையவில்லை. தின்னரில் கரைந்தது. உள்ளங்கை அகல வெள்ளைத் தோலில் தடவியபோது நல்ல நாவல் பழ நிறம். பாயைக் கூப்பிட்டுக் காட்டினான். வழக்கம்போலப் பாதியை மூடி வெயிலில் வைத்தான்.

சாயங்காலம் தாளைப் பிரித்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மூடிய பாதி நாவல் பழம். வெயில் பட்ட பாதி டீக்கறை. வாழ்நாளில் இவ்வளவு மோசமான சாயத்தை அவன் பார்த்ததில்லை.

ஐயோ பாவம், ஆறு வருஷம்! இதை எப்படி அவளிடம் சொல்வது? கால் கிலோ மக்கன் பேடா ஸ்வீட்டும் இரண்டு முழம் மல்லிகையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். வாங்கியதைப் பார்த்ததுமே எப்சி எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"இன்னாங்க ஆச்சு? யாருக்கு இன்னா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. நீ மனச விட்டுடக் கூடாது. உன் சாயம் வெயில்ல நிக்காது எப்சி. நானே டெஸ்ட் பண்ணிட்டேன்."

"எந்தச் சாயம்?"

"முட்டைகிட்ட இருந்துச்சே."

எப்சி ஃபிரிஜ்ஜைத் திறந்து மூடினாள். அவள் கத்தியிருந்தால் அன்பரசனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அவ்ளோதாங்க இருந்துச்சு. உலகத்துலயே அவ்ளோதான்."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பையிலிருந்த தோல் துண்டை எடுத்து அவள் முன்னால் வைத்தான். தப்பைச் செய்தவன் சாட்சியையும் தானே கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது. எப்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைக் கையில் எடுத்தாள். மூடியிருந்த பாதியை விரலால் தொட்டாள்.

"இந்தப் பக்கம் வெளிச்சமே படலியா?"

"துளி படாது. இருவது வருஷமா மூடறேன்."

மறுநாள் இருவரும் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகாமல் கல்லூரிக்குப் போனார்கள். ஊதாப் பாதியை எப்சி பொடிப் பொடியாக வெட்டிக் கரைப்பானில் ஊறப்போட்டாள். தோலிலிருந்து என்னென்ன கூட வருமோ என்று கவலைப்பட்டாள்.

"மீன் எண்ணெய் வரும். அஞ்சு பர்சென்ட். நாந்தான் போட்டேன். வேற ஒண்ணும் இல்ல, வெள்ளைத் தோலு" என்றான் அன்பரசன். அந்த ஆய்வுக்கூடத்தில் அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

வெள்ளைப் பொடி அடைத்த கண்ணாடிக் குழாயில் கரைசலை ஊற்றினாள். எண்ணெய் முதலில் இறங்கியது. பின்னால், விரற்கடை அகலத்தில், ஊதா வளையம் ஒன்று சொட்டுச் சொட்டாக இறங்கிவந்தது. அன்பரசன் மூன்று மணி நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷம் இவள் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளா என்று நினைத்தபோது அவனுக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

காய்ந்ததும் எடை போட்டாள். ஒன்பது மில்லிகிராம். லேசருக்கு ஆறு போதும்.

திங்கட்கிழமை சாயங்கால ரயிலில் வருவதாகச் சொல்லிப் போனாள். அன்பரசன் ஐந்து மணிக்கே ஸ்டேஷனில் நின்றான். ரயில் நாற்பது நிமிஷம் தாமதம். எப்சி இறங்கி நடந்து வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எவ்ளோ லேட்டு?" என்றான்.

"நாப்பது நிமிஷம்."

"ரயில யாரு கேட்டா?"

எப்சி சிரித்துவிட்டாள். "நாலு மைக்ரோ செகண்டுங்க. நான் நெனச்சதுக்கு டபுள்."

மறுநாள் டீ குடிக்கிற இடத்தில் ஜியாவுதீன் பாய் விடவில்லை. "இன்னா அன்பு, அந்தச் சாயம் வெயில்ல போய்ட்டுதாமே?"

அன்பரசன் கிளாஸைக் கீழே வைத்தான். அவன் நோட்டில் அந்தச் சாயத்துக்கு நேராக மார்க் இன்னும் போடவில்லை.

"போவும் பாய். அது தோலுக்குப் பண்ணது இல்ல. நாந்தான் தப்பா டெஸ்ட் பண்ணிட்டேன்."

இருபது வருஷத்தில் அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அங்கே யாரும் கேட்டதில்லை. பாய் இன்னொரு டீ சொன்னார்.