எதிர்மரை நட்டும் நைனாவின் வலது கையும்

துருப்பிடித்த லாரி நட்டு முதல்முறை இளகும்போது ஒரு சத்தம் வரும். கிணற்று ராட்டினமும் பூனையும் சேர்ந்து அழுவதுபோல இருக்கும். ஆரணியில், சேத்துப்பட்டு ரோட்டோரம் இருந்த எங்கள் டயர் கடையில் அந்தக் 'கிறீச்' கேட்டால்தான் எங்கள் வீட்டில் எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வரும். அது ஒரு வருடம் நின்றுபோயிருந்தது. அது திரும்பி வந்ததையும், வந்த அன்றே நான் அதைக் கெடுத்ததையும்தான் இங்கே சொல்லப்போகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேனே தவிர, உண்மையில் பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். லாரிச் சக்கரத்தின் நட்டைக் கழற்ற அந்நாளில் ஸ்பேனரின் வாலில் ஆள் உயரப் பைப்பை மாட்டி, அதன் நுனியில் ஏறி நின்று குதிக்க வேண்டும். "நெம்பு பைப்பு" என்பார்கள். ஒருநாள் நைனா குதித்தபோது அது வழுக்கிவிட, அவருடைய வலது தோள் தரையில் மோதியது. கட்டுப் போட்டு, எண்ணெய் தடவி, மூன்று மாதத்தில் வலி போய்விட்டது. ஆனால் கை மார்புக்கு மேல் எழவே இல்லை. காலையில் சட்டையை அம்மாதான் மாட்டிவிடுவாள். இது மட்டும் ஊருக்குத் தெரியக்கூடாது என்பதில் நைனா பிடிவாதமாக இருந்தார். லாரி வந்து நின்றால், "ஜாக்கு ரிப்பேருங்க, வேற கட பாருங்க" என்று அனுப்பிவிட்டு, சைக்கிளுக்கும் பைக்குக்கும் பஞ்சர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு குறையும் இல்லாத ஜாக்கு பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். அதற்கு வாய் இருந்திருந்தால் மானநஷ்ட வழக்கே போட்டிருக்கும்.

அம்மா வீட்டில் பட்டுத்தறி நெய்தாள். காற்றிலே ஓடும் துப்பாக்கி ஒன்று எப்பேர்ப்பட்ட நட்டையும் கண்மூடித் திறப்பதற்குள் கழற்றிவிடுகிறது என்று எங்கோ கேள்விப்பட்டவள், ஒருநாள் தறியை விட்டு எழுந்து வந்து, "கெளம்புய்யா வேலூருக்கு" என்றாள். நைனா, "இன்னாத்துக்கு?" என்றார். "ஜாக்கு ரிப்பேரு பண்ண" என்றாள் அம்மா. நைனா சட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். நானும் ஒட்டிக்கொண்டேன். அப்போது நான் ஏழாம் வகுப்பில் இரண்டாவது வருடம் இருந்தேன், அதனால் ஒருநாள் லீவு போடுவதில் அறிவுக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

அந்தத் துப்பாக்கிக்குக் கடையில் 'கன்' என்று பெயர்; வேலூர்க் கடைக்காரர் முதலில் கைக்கு அடக்கமாக ஒரு சின்ன கன்னை எடுத்து வைத்தார். நைனாவுக்கு முகம் மலர்ந்தது. இடது கையாலேயே அதைச் சுழற்றிப் பார்த்தார். "அது காருக்குங்க. லாரி நட்டு அதப் பாத்தா சிரிக்கும்" என்று சொல்லி, கடைக்காரர் உள்ளே போய் நீள மூக்கோடு இன்னொன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார். நிறைகுடத்தின் கனம். "இது கழட்டாத நட்டே கெடையாது. ஆனா ஒதறும், ரெண்டு கையும் ஸ்ட்ராங்கா இருக்கணும்" என்றார்.  நைனா வீம்புக்கு அதை வலது கையால் தூக்கினார். அரையடி எழுந்தது. பிறகு கன்னின் மூக்கு மெதுவாக மேசையில் சாய்ந்தது. "நைனா, அதுக்குத் தூக்கம் வருது போல" என்று நான் ஒரு ஜோக் அடித்தேன். என் வாழ்நாளில் யாருமே சிரிக்காத முதல் ஜோக் அதுதான். அதற்குப் பிறகு நிறைய சேர்ந்துவிட்டன.

நைனாவின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று அம்மா அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள், "ஏய்யா, தறி மேல இருக்கிற ஜக்கார்டு பொட்டி இன்னா கனம் இருக்கும்? அத நான் கையிலயா தூக்கிகினு நெய்யறேன்? மேல தொங்குது, நான் கால்ல மிதிக்கிறேன். இதையும் தொங்கவுடு" என்றாள். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, சேலைக்கு நூல் எடுக்கிற அதே கண்டிப்போடு, "இது எம்மாங் காத்து குடிக்கும்?" என்று கேட்டாள். எங்கள் கடையில் இருந்த கம்ப்ரசரின் அளவைக் கேட்டுக்கொண்டு, நாலு நட்டுக்கு மேல் காற்று இறங்கிவிடும், டேங்க் நிறையும்வரை காத்திருக்க வேண்டும் என்றார் அவர். "நாலு நட்டுக்கு ஒருதபா மனுசனும்தான் மூச்சு வாங்குவான். கட்டிக் குடுங்க" என்றாள் அம்மா.

கடை வாசலில் குறுக்காக ஓர் இரும்புப் பைப்பை நிறுத்தி, அதில் கப்பி மாட்டி, ஒரு முனையில் கன்னும் மறு முனையில் எடைக்கு எடையாக ஏதாவதும் தொங்க வேண்டும் என்பது அம்மாவின் திட்டம். எடைக்கு எதைக் கட்டுவது என்று யோசித்தபோது இருவர் பார்வையும் என்மேல் விழுந்தது. நான் அப்போது கொஞ்சம் செழிப்பாக இருப்பேன். "இவன கட்டினா கன்னு கூரையப் பொத்துகினு போயிடும்டி" என்று நைனா சொன்னார். ஒரு வருடத்தில் அவர் அடித்த முதல் கிண்டல் என்பதால், அம்மா சிரித்ததற்கு நான் கோபித்துக்கொள்ளவில்லை. கடைசியில் பெயின்ட் டப்பாவில் மணல் நிரப்பிக் கட்டினார்கள். கன் அந்தரத்தில் மிதந்தது. சுண்டுவிரலால் தள்ளினாலும் நகர்ந்தது. நைனா இடது கையால் அதை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

முதல் லாரி சேத்துப்பட்டு மண்டிக்கு நெல் ஏற்றிக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு டயர் மாற்ற வேண்டும். வலது பக்கச் சக்கரத்தில் நைனா கன்னை வைத்து அழுத்தினார். 'டகடகடக' என்று தெருவே அதிர, அந்தக் 'கிறீச்' கேட்டது, நட்டு நைனாவின் காலடியில் வந்து விழுந்தது. எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்து பார்த்தார்கள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

அந்த டயரை மாற்றி முடித்து, வண்டியைத் திருப்பி இடது பக்கத்தைக் கடைப்பக்கமாக நிறுத்திவிட்டு, டிரைவர் டீ குடிக்கப் போனார். நைனா துருவுக்கு ஊற்ற டீசல் எடுக்க உள்ளே போனார். கன் என் மூக்குக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது. டீக்கடைக் கூட்டம் லாரியைச் சுற்றி இந்தப் பக்கம் வருவதற்குள் ஒரு நட்டைக் கழற்றி வித்தை காட்டலாம் என்று எனக்குத் தோன்றியது. நட்டில் வைத்து அழுத்தினேன். பழைய லாரிகளில் இடது பக்கச் சக்கரத்தின் நட்டுகளுக்கெல்லாம் 'எதிர்மரை'. ஓடும்போது தானாகக் கழலாமல் இருக்க, புரிகளைத் தலைகீழாக வெட்டியிருப்பார்கள், இந்தப் பக்கம் கழற்றுகிற சுற்று அந்தப் பக்கம் இறுக்கும். பஞ்சர்க் கடைக் குழந்தைக்கு அது அரிச்சுவடி. கன்னின் திசையை மாற்றிவிட்டுத்தான் தொட வேண்டும். நானோ எந்த அரிச்சுவடியையும் ஒழுங்காகப் படித்தவன் இல்லை. நட்டு இறுகியது, மேலும் இறுகியது, 'டப்' என்று, நட்டு ஏறியிருக்கும் இரும்பு ஆணியான ஸ்டட் உடைந்து நட்டோடு ரோட்டில் உருண்டது.

நைனா ஓடிவந்து, உறைந்துபோயிருந்த என்னைத் தோளால் தள்ளிவிட்டுக் கன்னைப் பிடித்தார். லாரியைச் சுற்றிக்கொண்டு டிரைவரும் டீக்கடைக் கூட்டமும் வந்து பார்த்தபோது அது நைனா கையில் இருந்தது.

"யோவ் மேஸ்திரி, எதிர்மர தெரியாதா உனக்கு? லோடு வண்டிய வச்சிகினு இன்னா பேஜாரு பண்ற நீ?" என்று அவர் கத்தினார். அம்மா வாயைத் திறந்தாள். நைனா அவளை ஒரு பார்வை பார்த்தார், அவள் மூடிக்கொண்டாள். நான் சொல்லியிருக்க வேண்டும். எந்நேரமும் ஓயாத என் வாய் அன்று பசை போட்டு ஒட்டியதுபோல இருந்தது.

"எங் கைதாங்க சரியில்ல" என்றார் நைனா. "பைப்புல உழுந்ததுல இருந்து மேல தூக்க வரமாட்டேங்குது. அத மறச்சிகினுதான் ஜாக்கு ரிப்பேருன்னு ஒரு வருசமா உங்களையெல்லாம் திருப்பி அனுப்பிகினு இருந்தேன். இன்னிக்குத் தப்பு நடந்துபோச்சு. புது ஸ்டட்டு போட்டு அனுப்பறேன்."

 டிரைவர் கொஞ்சநேரம் நைனாவின் தோளையே பார்த்தார். பிறகு, "இதுக்கா மேஸ்திரி? ஒரு ஜாக்கு வாங்க வக்கில்லாத கஞ்சன்னு இல்ல உன்ன நாங்க பேசிகினு இருந்தோம்" என்று சொல்லிவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சுத்தியலைக் கையில் எடுத்தார். உடைந்த ஸ்டட்டை அவரே அடித்து வெளியே தள்ளினார். மற்ற நட்டுகளை நைனா திசை மாற்றிக் கழற்றினார், நாலு நட்டுக்கு ஒருதரம் கம்ப்ரசர் மூச்சு வாங்க, எல்லோரும் நின்று காத்திருந்தார்கள். அடுத்த வாரம் டிரைவர்களே ஒருவருக்கொருவர் சொல்லி, சந்தவாசல் பக்கமிருந்தெல்லாம் வண்டிகள் வந்தன. கனமான சக்கரத்தை இறக்க வேண்டுமென்றால் டிரைவரோ கிளீனரோ கேட்காமலே கை கொடுத்தார்கள்.

இப்போது கடை என்னுடையது. கன் பேட்டரியில் ஓடுகிறது. காற்று வரும் ஓஸ் குழாய் இல்லை, கப்பி இல்லை, டகடக சத்தம்கூடப் பாதிதான். புது லாரிகளில் இரண்டு பக்கமும் ஒரே மரை. எதிர்மரை என்றால் என்னவென்று என்னிடம் வேலை செய்யும் பையன்கள் கேட்கிறார்கள். நான் செய்த தப்பை இனி யாரும் செய்யவே முடியாது. அந்தத் துறையில் கடைசி நிபுணன் நான்தான்.

நைனா சாயங்காலம் வந்து கடையில் உட்காருவார். போன மாதம் ஒருநாள், தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "நைனா, அன்னிக்கி நெல்லு லாரியில ஸ்டட்ட ஒடச்சிட்டு நான் வாயத் தொறக்காம நின்னுட்டேன். உன்ன ஊரே பாக்க வச்சிட்டேன்" என்றேன். எத்தனையோ வருடமாகத் தொண்டையில் நின்றது, ஒருவழியாக வந்துவிட்டது.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அட போடா" என்றார். "ஒரு வருசமா தெனம் காலையில இன்னிக்கிச் சொல்லிடலாம், இன்னிக்கிச் சொல்லிடலாம்னு கடைக்கி வருவேன். வாயே வராது. நீ ஒடச்ச, எனக்கு வாய் வந்துச்சு."