நசுங்கிய குவளை

நான் பாலத்திலிருந்து விழுந்த கதையைக் கேட்காதவர்கள் எங்கள் தெருவில் யாருமில்லை. பள்ளி வேன் ஓட்டுகிறவன், தொண்ணூற்று நான்கு கிலோ, காய்ந்த ஓடைக்குள் தொப்பென்று விழுந்தான் என்று ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். உடைந்தது வலது மணிக்கட்டு. சாரணர்களான நாங்கள் இடது கையால் கைகுலுக்குகிறவர்கள் என்பதால், கட்டுப் போட்டிருந்த ஆறு வாரமும் என் மரியாதைக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆனால் அந்தக் கதையில் நான் வெறும் பாரம்தான். கதை மடிப்பக்காவுடையது.

மடிப்பக்கா என்பது எங்கள் சாரணர் படையின் பிள்ளைகள் வைத்த பெயர். மருத்துவமனைச் சலவைப் பகுதியில் மேற்பார்வை பார்க்கிறவர். ஒரு நாளைக்கு அறுநூறு படுக்கை விரிப்புகள் அவர் கண்முன் மடிக்கப்பட்டுப் போகும். ஓரம் ஓரத்தோடு சேராத ஒரு விரிப்பைக்கூட அவர் வெளியே விட்டதில்லை. அக்காவுக்கு அழுக்கு என்றால் ஆகாது. என் வேனில் ஏறும்போதே இருக்கையைக் கைக்குட்டையால் தட்டிவிட்டுத்தான் உட்காருவார். வேன் என்னுடையது, மானம் போவதும் எனக்குத்தான்.

அவர் படைக்குள் வந்ததே அழுக்கால்தான். மகன் பதினோரு வயதில் சாரணனாகச் சேர்ந்து, முதல் முகாம் முடிந்து, சேறு அப்பிய கூடாரத்தோடு வீட்டுக்கு வந்து நின்றிருக்கிறான். அக்கா மறுநாள் எங்கள் சாமான் அறைக்கே வந்துவிட்டார். "இதையெல்லாம் யார் இப்படிச் சுருட்டி வச்சது?" என்று கேட்ட கேள்வியில் பெரியவர்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அன்று கூடாரங்களைத் துடைக்க உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. மகன் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டான். "பையன் வெளிய வந்து ஆறு வருஷம் ஆச்சு, சேர்த்துவிட்ட நீ இன்னும் உள்ளயே இருக்கியே" என்று அவர் கணவர் கிண்டல் செய்வார். அக்காவின் சீருடையை இஸ்திரி போட்டு வைப்பதும் அந்தக் கணவர்தான்.

எங்கள் சாமான் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. கூடாரம், கம்பு, சட்டி, கயிறு எல்லாம் அங்கேதான். அதன் சாவி, முடிச்சு அண்ணன் என்று நாங்கள் கூப்பிடுகிறவரிடம். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் கம்பிக் கயிற்றில் உயிர்களை ஏற்றி இறக்கியவர் என்பதால், எந்தக் கயிற்றையும் கையில் எடுத்தால் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். பேச்சும் குறைவுதான். இருபத்திரண்டு வருடங்களாக அந்தச் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

அந்த அறையின் கதவுக்கு மேல் ஓர் ஆணி. அதில் ஒரு எனாமல் குவளை தொங்கும். முதல் முகாமில் யாரோ கூடார முளை அடிக்கிற சுத்தியலை அதன் மேல் போட்டு நசுக்கியிருக்கிறார்கள். அன்றிலிருந்து வழக்கம். வருடத்தில் ஒரு நாள் பெரியவர்கள் மட்டும் கூடுவோம். அந்த வருடத்தில் தப்பு செய்தவர் தானாக எழுந்து அந்தக் குவளையை எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த கூட்டம் வரைக்கும் அவருக்கு அதில்தான் தேநீர். போன வருடம் வைத்திருந்தவர் அதைக் கழுவி, புது ஆளுக்கு முதல் தேநீரை ஊற்றிக் கொடுப்பார். கூடாரங்களை ஏற்றிவிட்டுக் கம்புகளை மறந்த மருந்துக்கடைக்காரர் குடித்திருக்கிறார். அரிசியும் சட்டியுமாக வேறு மைதானத்துக்கு வேனை ஓட்டிப்போய் மூன்று மணி நேரம் காத்திருந்த நான் இரண்டு தடவை குடித்திருக்கிறேன். அதில் ஒரே ஒரு சட்டம்தான். குவளையை யாரும் யாருக்கும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. விரலும் நீட்டக் கூடாது.

மருந்துக்கடைக்காரர்தான் எங்கள் படைத் தலைவர். முழங்கால் தேய்ந்து, மாடிப்படிக்கே பயப்படுகிற நிலைக்கு வந்துவிட்டார். அடுத்த தலைவர் மடிப்பக்கா என்று எல்லோரும் முடிவு செய்தோம். ஆனால் அதற்குச் சாரணர் மேலிடத்துப் பயிற்சி முடித்து நியமனக் கடிதம் வாங்க வேண்டும். முதல் தடவை வரைபடத்தில் தோற்றார். இரண்டாவது தடவை, பயிற்சி வாரத்தில் மருத்துவமனை விடுப்பு தரவில்லை. மூன்றாவது தடவைதான் தேறினார். சலவை மேசையில் விரிப்புகளுக்கு நடுவே புத்தகத்தை வைத்துப் படித்ததை நானே பார்த்திருக்கிறேன். கடைசியாக மிச்சம் இருந்தது பாலம். கம்புகளைக் கயிற்றால் கட்டி, ஓடையின் மேல் ஆள் நடக்கிற பாலம். ஆணி கிடையாது, கம்பி கிடையாது.

அந்த முகாமில் அக்கா காலையில் கட்டி முடித்தார். கட்டியவர்தான் முதலில் நடக்க வேண்டும் என்பதால் தானே நடந்தார். பயிற்சி ஆணையர் பார்த்துத் தலையாட்டி, தேறினார் என்று குறித்துக்கொண்டார். சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளை ஏற்றுவதாக ஏற்பாடு. இடைவேளை விட்டால் மறுபடி ஒரு பெரியவர் நடந்து பார்த்த பிறகுதான் பிள்ளைகள் ஏறலாம். "கனமான ஆளா ஒருத்தர் போங்க" என்றார் ஆணையர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நடுவில் போனேன், கம்பு நழுவியது, விழுந்தேன்.

ஆணையர் கயிற்றைப் பார்த்தார். பழைய கயிறு, நிறம் மங்கியது. "கயிறு இத்துப்போச்சு. இதை இத்தனை வருஷம் வச்சிருந்தது யாரு?" என்றார். முடிச்சு அண்ணன் குனிந்து கயிறுகளைச் சுருட்டினார். பத்து நாளில் ஆணையரிடமிருந்து கடிதம் வந்தது. கயிறுகளை எறிந்துவிட வேண்டும். ஆண்டுக் கூட்டத்தில் சாமான் அறைச் சாவியை அண்ணன் வேறு ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். அதே கூட்டத்தில் அக்காவுக்கு நியமனக் கடிதம்.

அக்காவுக்குக் கோபம் தாங்கவில்லை. கையில் கட்டோடு வீட்டில் கிடந்த என்னிடம் வந்து கொட்டினார். "அண்ணன் கையில கயிறு இத்துப்போகுமா தம்பி? அவரை வெளிய அனுப்பிட்டு நான் கடிதத்தை வாங்கிக்கணுமாம். நல்லா இருக்கா? அந்தக் கயிறு நல்ல கயிறுன்னு காட்டுறேன் பாருங்க."

எறிவதற்கு வைத்திருந்த கயிறுகளை அண்ணனிடம் கேட்டு வாங்கிப்போனார். அண்ணன் ஒரு நிமிடம் அவரைப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தாராம். சலவைப் பகுதியின் இரும்பு உத்திரத்தில் கயிற்றைக் கட்டி, ஐம்பது கிலோ ஈர விரிப்பு மூட்டைகளைத் தொங்கவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இருநூறு கிலோவைக் கயிறு ஒரு பகல் முழுக்கத் தாங்கியது. எட்டுக் கயிறுகளையும் இப்படிச் சோதித்தார். ஒன்றில்கூட ஒரு நார் அறுபடவில்லை. "என்னை மாதிரி ரெண்டு பேரைத் தாங்குமா?" என்று கேட்டேன். "ரெண்டு பேரையும் உங்க வாயையும் சேர்த்துத் தாங்கும்" என்றார்.

அப்படியானால் பாலம் ஏன் விழுந்தது? அதை விட்டுவிட்டிருக்கலாம். அக்காவால் முடியவில்லை. இரண்டு துண்டுக் கம்புகளைக் கொண்டுவந்து, பாலத்தில் கட்டிய அதே கட்டைத் தினமும் வேலைக்கு முன் கட்டிவைத்தார். மாலையில் ஆட்டிப் பார்ப்பார். அசையாது. ஒரு வாரம் இப்படியே போனது. எட்டாம் நாள், வெளுத்த விரிப்பு ஒன்றில் கயிற்றின் அழுக்கு பட்டுவிட்டது. அக்கா சும்மா இருப்பாரா? கயிற்றை வாளியில் போட்டு, சோப்பு போட்டுக் கசக்கி, பிழிந்து, வழக்கம்போல இறுக்கிக் கட்டிவிட்டு வேலைக்குப் போனார். மதியம் வந்து பார்த்தால் கட்டு தொளதொளவென்று கிடந்தது. நாலு விரல் உள்ளே போனது.

நார்க் கயிறு நனைந்தால் சுருங்கும், காய்ந்தால் நீளும். ஈரத்தில் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் வெயில் ஏறினால் கட்டு விட்டுக்கொடுக்கும். முகாமுக்கு முந்தின சாயங்காலம், ஆணையர் வருகிறாரே, கயிறு இவ்வளவு சேறாக இருக்கிறதே என்று எட்டுக் கயிறுகளையும் துவைத்துப் போட்டது அக்காதான். காலையில் மேலே தொட்டுப் பார்த்தார், காய்ந்திருந்தது. உள்ளே ஈரம்.

மறுநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, உங்க கையை உடைச்சது நான்தான்" என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. கைக்காக அல்ல. மூன்று தடவை முட்டி மோதி வாங்கின தேர்ச்சியை இந்த அம்மாள் தானே கிழித்துப் போடப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. தலைவர் இல்லாவிட்டால் முகாம் கிடையாது. முப்பத்திரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"கயிறு நல்லதுன்னு மட்டும் சொல்லுங்கக்கா. மூட்டை தொங்கவிட்டதைச் சொல்லுங்க, அண்ணன் தப்பிச்சிடுவாரு. மிச்சத்துக்கு எதுக்கு வாயைத் திறக்குறீங்க?" என்று கத்தினேன்.

"கயிறு நல்லதுன்னா அப்புறம் ஏன் விழுந்துச்சுன்னு கேப்பாங்க இல்ல? நான் பேசாம நின்னா உங்க உடம்பு மேலதான் பழி போடுவாங்க."

"போடட்டுமே! என் உடம்பு எத்தனையோ பழியைத் தாங்கியிருக்கு."

அக்கா சிரிக்கவில்லை. "நாளைக்கு நான் தலைவரா நின்னு, கட்டின பாலத்துல பிள்ளைங்களை ஏத்தணும் தம்பி. இதை மறைச்சுட்டு எப்படி ஏத்துறது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம். சாமான் அறைக்கு முன்னால் வட்டமாக நாற்காலிகள். ஆணையரும் வந்திருந்தார். முதலில் குவளை, அப்புறம்தான் மற்றது என்பது வழக்கம். போன வருடம் வைத்திருந்தவர் மருந்துக்கடைக்காரர். அதை மேசையில் வைத்தார். அக்கா எழுவதற்குள் முடிச்சு அண்ணன் எழுந்து குவளையை எடுத்துவிட்டார். இடுப்புச் சாவியை அவிழ்த்து மேசையில் வைத்தார்.

"கயிறு என் பொறுப்பு" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

"அண்ணே, கீழ வைங்க. அது என்னுது" என்றார் அக்கா.

பையிலிருந்து அந்த இரண்டு கம்புகளையும் எடுத்தார். துவைத்த கயிற்றால் முந்தின நாள் கட்டியவை. ஆணையரின் மடியிலேயே வைத்தார். ஆணையர் தொட்டதும் கம்புகள் ஒன்றை ஒன்று விட்டு நழுவின. மூட்டைக் கணக்கு, வாளி, சோப்பு, வெயில் எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார். குரல் ஒரே ஒரு இடத்தில்தான் உடைந்தது. என்னைக் காட்டி, "இவருக்குப் பதிலா ஒரு பிள்ளை ஏறியிருந்தா" என்று சொன்ன இடத்தில்.

ஆணையர் நழுவிய கம்புகளை எடுத்து மேசையில் வைத்தார். "இதை நான் எழுதினா, இன்னிக்குக் கடிதம் குடுக்க முடியாதும்மா. பாலத்தை மறுபடி முதல்லேர்ந்து செய்யணும். ஆறு மாசம் ஆகும்."

"எழுதுங்க சார். பேனா இருக்கா, நான் தரவா?"

மருந்துக்கடைக்காரர் தன் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து, அதனிடமே கேட்பதுபோல் குனிந்தார். "ஆறு மாசம்தானே? தாங்கும். தாங்கித்தான் ஆகணும்" என்றார்.

ஆணையர் எழுதினார். சாவியை எடுத்து அண்ணன் பக்கம் தள்ளிவைத்தார்.

அக்கா அண்ணனிடம் கை நீட்டினார். அண்ணன் குவளையைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டே நின்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "கயித்தைச் சுருட்டும்போதே எனக்குத் தெரியும். சோப்பு வாசம் அடிச்சுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சா சொல்றதுக்கு என்ன அண்ணே? சாவியே போக இருந்துச்சே!" என்றேன்.

"இதை யாரும் யாருக்கும் எடுத்துக் குடுக்கக் கூடாது இல்ல?" என்று குவளையைத் தூக்கிக் காட்டினார். "அதுவும் போக, கயித்தைத் துவைக்கக் கூடாதுன்னு நான் இவங்களுக்கு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. தெரிஞ்சிருக்கும்னு இருந்துட்டேன். என் பங்கும் இருக்கு."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், அதில் என்ன வெட்கம். குவளையை மருந்துக்கடைக்காரர்தான் கழுவ வேண்டும். அண்ணன் விடவில்லை. குழாயடிக்குப் போய்க் கழுவி, தேநீர் ஊற்றி, இரண்டு வாய் தான் குடித்துவிட்டு மிச்சத்தை அக்காவிடம் நீட்டினார். அக்கா இருக்கையைத் தட்டாமல் உட்கார்ந்து அதைக் குடித்து முடித்தார். எங்கள் படையில் ஒரே குவளையில் இரண்டு பேர் குடித்தது அந்த ஒரு வருடம்தான்.

ஆறு மாதம் கழித்து அதே ஓடை. அக்கா காலையில் பாலத்தைக் கட்டி, தானே நடந்து காட்டினார். கயிறுகள் சேறும் கறையுமாக இருந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்க அவர் கை துறுதுறுத்ததை நான் கவனித்தேன். ஆனால் தொடவில்லை. இந்த முறை ஆணையர் உடனே குறித்துக்கொள்ளவில்லை. வெயில் ஏறட்டும் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நடுப்பகலில் அக்கா எட்டுக் கட்டுகளிலும் விரல் விட்டுப் பார்த்தார். ஒன்றிலும் நுழையவில்லை. பிள்ளைகள் கரையில் வரிசையாக நின்றார்கள்.

"யாராவது கனமான ஆளா..." என்று ஆணையர் ஆரம்பித்துவிட்டு, என் மணிக்கட்டைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. கேட்கவும் இல்லை.

நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பாலத்தில் ஏறினேன்.