ஜெகதீஷ் வந்து இறங்கிய படையல்

மைதிலியின் புருஷன் ஜெகதீஷ் தண்டவாளத்தைத் தாண்டும்போது ரயிலில் அடிபட்டுச் செத்து மூன்று வருஷமாகிறது. செத்தவன் சும்மா இருக்கவில்லை. வருஷா வருஷம் படையல் அன்று அவன் அம்மா வேம்புலியம்மாள் மேல் இறங்கிப் பேசுவான். திருநின்றவூரில் நான் அவர்களுக்குப் பக்கத்து போர்ஷன். படையலுக்கு என்னையும் கூப்பிடுவார்கள்.

முதல் வருஷம், "என் வண்டிய விக்காத" என்றான். இரண்டாம் வருஷம், "எங்கம்மாவ உட்டுட்டு மைதிலி பொறந்த ஊட்டுக்குப் போவக் கூடாது" என்றான். ஒவ்வொரு தடவையும் மைதிலி காலில் விழுந்து, "நல்லா கீறியாய்யா? ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்பாள். அதற்கு மட்டும் அவன் பதில் சொன்னதே இல்லை.

அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனிக்குப் போய்வந்தால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும். அது பேய்க்கும் நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்தக் கம்பெனி கட்டிங் மாஸ்டர் ஹேமநாதன், பெண்சாதியைப் பறிகொடுத்தவன், அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டான். மைதிலிக்கும் மனசு இருந்தது. ஆனால் ஜெகதீஷிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாட்டேன் என்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் ஒரு ஞாயிறு மத்தியானம் என் வீட்டு டிவியில் பழைய இங்கிலீஷ் படம் ஒன்று பார்த்தோம். ஒரு விதவைக்கும் பேய்க்கும் காதல். தன்னால் அவள் வாழ்க்கை வீணாகக் கூடாதென்று பேய் தானே விலகிப் போகிறது. மைதிலி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எங்க ஊட்டுக்காரரும் இப்படித்தாங்க்கா சொல்லுவாரு" என்றாள்.

மூன்றாம் படையல் வந்தது. இலையில் வஞ்சிரம் வறுவல், பிரியாணி, ஒரு பாக்கெட் சிகரெட். மைதிலி வாயைத் திறக்கும் முன்பே வேம்புலியம்மாள் ஆடிக்கொண்டு, "இன்னொருத்தன கட்டிகினே, ரத்தம் கக்கிச் சாவே!" என்று கத்தினாள். யார் வத்தி வைத்தார்களோ.

மைதிலியின் உடம்பு உதறியது. ஜெகதீஷின் அதே கரகரத்த குரலில், "எம்மா, அவள உட்டுடும்மா. நான் போறேன்" என்றாள். எனக்குக்கூட மயிர் சிலிர்த்தது.

வேம்புலியம்மாளின் ஆட்டம் சட்டென்று நின்றது. "இது எம்புள்ள இல்ல. இன்னாவோ காத்து கருப்பு பூந்துகிச்சி. வேப்பிலைய எடுத்தாங்கடா!" என்றாள். சொந்தக்காரர்கள் கூடி நின்று அடித்தார்கள். தடுக்கப் போன என்னைத் தள்ளிவிட்டார்கள். மாமியார் மேல் வந்தால் மகன், மருமகள் மேல் வந்தால் பேய். நல்ல நியாயம்.

பேய் பிடித்தவள் என்ற பேச்சு கம்பெனிவரை போயிற்று. ஹேமநாதன் வேறு ஷிப்டுக்கு மாறிக்கொண்டான். அவனும் ஓர் ஆம்பிளை!

நேற்று குழாயடியில், "நல்லாத்தான்டி நடிச்சே. பலிக்கலியே" என்றேன். மைதிலி குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நடிக்கலக்கா. மூணு வருசத்துல ஒரே ஒருதபா எங்கிட்ட வந்தாரு. அவரத்தான் வேப்பிலையால அடிச்சித் தொரத்திட்டாங்க."