சகலையின் லாரி

நானும் என் சகலையும் உசிலம்பட்டியில் ஒரே முதலாளிக்கு லாரி ஓட்டினோம். அவன் கட்டியது என் மனைவியின் தங்கையை. இரண்டு லாரியும் ஒரே மாதிரி, ஒன்றாக வாங்கியவை. அவனுடையது நேராகப் போகும். இரண்டு கையையும் விட்டுவிட்டு பீடி பற்றவைப்பான். என் வண்டி இடமும் வலமுமாக ரோட்டை மேய்ந்துகொண்டு போகும். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துத் தோள்பட்டை கடுக்கும்.

"அவரு வீட்டுக்கு வந்தா அலுப்பே இல்லையாம், தங்கச்சி சொல்றா" என்பாள் மனைவி. எனக்குச் சோறு இறங்காது.

முதலாளி புது லாரி எடுக்கப் போவதாகப் பேச்சு. முதலில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். எனக்குத்தான் வரவேண்டும்.

மதுரையில் மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். டயர் கோணலாக நிற்கிறதா என்று முன் டயர்களுக்கு நடுவே குழாயை வைத்து அளந்தான். சரியாக இருந்தது. பின்பக்கம் போய்க் குனிந்தான்.

"அண்ணே, பின் ஸ்பிரிங்குல இரும்புப் பட்டை கூடுதலாக் கெடக்கே?"

"நாந்தான் போட்டேன். லோடு தாங்கணும்ல."

சகலையைவிட நாலு மூட்டையாவது கூட ஏற்றுவேன்.

"அதான் வெனை. பின்னாடி தூக்கிருச்சு, முன்னாடி குனிஞ்சிருச்சு. சைக்கிள்ல ஃபோர்க் சாஞ்சிருக்குல்ல, அதனாலதான் கைய விட்டாலும் நேராப் போகுது. லாரிக்கும் அந்தச் சாய்வு உண்டு. ஒங்க வண்டியில அது போயிருச்சு. காலியாப் போறப்ப இன்னும் ஆடும். பட்டையக் கழட்டிரவா?"

"கழட்டுனா லோடு?"

"மத்த வண்டி மாதிரி ஏத்துங்க."

மற்ற வண்டி என்றால் அவன் வண்டி.

"வேணாம். கெடக்கட்டும்."

அந்த வாரம் இரண்டு வண்டியிலும் எழுமலைக்குச் சரக்கு கொண்டுபோனோம். முதலாளியும் வந்தார். போகும்போது சகலை வண்டி. கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினார். தூங்கியிருக்கிறார். திரும்பும்போது என் வண்டி, காலியாக. எதிரே பஸ் வந்தபோதெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏப்பா, தூக்கமா?"

"இல்ல மொதலாளி."

"பெறகு ஏன் இம்புட்டு வளைச்சு வளைச்சு ஓட்டுற?"

"கூட லோடு ஏத்துறது நாந்தான் மொதலாளி."

அவர் உசிலம்பட்டி வரும்வரை கம்பியை விடவில்லை.

புது லாரி அவனுக்குப் போனது. மாலை போட்டு, டயரில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை எடுத்தான்.

"ஏறுங்கண்ணே, கோயில் வரைக்கும் போயிட்டு வருவோம்."

"நீ போ. எனக்கு வேல இருக்கு."

வேலை ஒன்றும் இல்லை.

அவன் பழைய லாரி எனக்கு வந்தது. செக்கானூரணி தாண்டி, ஆளில்லாத ரோட்டில் கையை எடுத்துப் பார்த்தேன். கோடு கிழித்த மாதிரி போனது. பீடி பற்றவைத்தேன். ருசிக்கவில்லை. அவன் உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்த சீட்டு.

மறுநாள் மெக்கானிக்கிடம் போய், இதற்கும் பின்னால் கூடுதல் பட்டை போடச் சொன்னேன்.